காவல் மாறும் நேரம்

வேலூர் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி வாங்கப் போகிறவர்களும் மூட்டை சுமக்கிறவர்களும் அதை ஒட்டித்தான் போகிறார்கள். நின்று பார்ப்பவர் இல்லை. அதன் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரிய யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் வெட்டியிருக்கிறார்கள்.

அதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஒரு கழித்தல் கணக்குப் போட்டுப் பார்க்கும். 277இல் 14 போனால் மிச்சம் 263. செத்தவர்களுக்குக் கல் கிடைத்துவிட்டது. மிச்சமுள்ள 263 பேர் ஊர் திரும்பி என்ன செய்தார்கள்? அவர்களுடைய வீர சாகசங்களை நான் கேட்கவில்லை. வந்த மறுநாள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள்? பிகிள் ஊதவில்லை, அதட்டி எழுப்ப ஹவில்தார் இல்லை. இருந்தாலும் பழகிய உடம்பு இருட்டோடு எழுந்து உட்கார்ந்திருக்கும். பெண்டாட்டி பிள்ளைகள் தூங்குகிறார்கள். தெருவில் நாய்கூட எழவில்லை. அப்படி எழுந்து உட்கார்ந்தவன் அப்புறம் அந்த நாளை என்ன செய்வான்?

கதை எழுதுகிறவனுக்கு இம்மாதிரிச் சில்லறைக் கேள்விகள்தாம் முதலில் வரும். ஆனால் சற்று நின்று யோசித்தால் இதற்குள் ஒரு தர்ம விசாரமே அடங்கியிருப்பது தெரியும். ஒரு மனிதனிடம் நாம் மெச்சுகிற ஒழுங்கு அவனுடையதா, அவனை ஒழுங்காக வைத்திருந்தவர்களுடையதா? பிறர் கட்டளையால் வந்த நல்ல பழக்கம், கட்டளையிட்டவர் போன பிறகு நல்ல பழக்கமாகவே இருக்கிறதா, அல்லது வெறும் பழக்கமாகிவிடுகிறதா?

எங்கள் ஜில்லா பட்டாளத்துக்குப் பேர்போனது. கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். அதற்கு ராணுவப்பேட்டை என்றே ஒரு மறுபெயர் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், அல்லது இருந்து திரும்பியவராக இருப்பார் என்பார்கள். 2019இல் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. ராணிப்பேட்டை தனி ஜில்லா ஆயிற்று. ஆனால் தோலுக்கும் பட்டாளத்துப் பென்ஷனுக்கும் ஜில்லா எல்லை கிடையாது. பழைய வடாற்காட்டில் எந்த மூலைக்குப் போனாலும் இரண்டும் கண்ணில் படும்.

‘ஓய்வு பெற்றவர்’ என்றால் நம் மனக்கண்ணில் தடியூன்றிய கிழவர் ஒருவர் வந்து நிற்கிறார். சிப்பாய்க்கும் கப்பற்படை மாலுமிக்கும் அந்தக் கதை பொருந்தாது. 15 வருஷ சேவை முடிந்தால் பென்ஷன் உண்டு. பதினெட்டு வயதில் போனவன் முப்பத்தைந்திலோ நாற்பதிலோ மீசை கறுத்தபடியே ஊருக்கு வந்துவிடுகிறான். ஆபீஸ் குமாஸ்தா முதல் பிரமோஷனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற வயதில் இவனுக்கு ஓய்வு. இன்னும் நாற்பது வருஷக் காலைகள் பாக்கி இருக்கின்றன.

இவர்களில் நான் நன்றாக அறிந்தவர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம். ஆம்பூரில் அவர் வசிக்கும் தெருவிலும் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘கப்பல்காரர் வீடு’ என்றால் சின்னப் பிள்ளையும் காட்டும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கடற்படையில் எஞ்சின் பகுதியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். பெரும்பாலும் நீராவிக் கப்பல்களில், கொதிகலன் அறையில்.

ஆம்பூரிலிருந்து கடல் நூறு மைலுக்கு மேல். கடலோடு எங்களுக்குச் சம்பந்தம் இல்லாமல் இல்லை. தென்னாட்டின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் விடப்பட்டது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட எங்கள் ஊர்த் தோல் அப்புறம் ரயிலேறி, சென்னையில் கப்பலேறி, லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. எங்கள் மாடும் ஆடும் கடலைப் பார்த்த அளவுக்கு எங்கள் ஜனங்கள் பார்த்ததில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கப்பல்காரரை ஊரார் இன்றுவரைக்கும் கேட்கும் கேள்விகள் இரண்டே இரண்டு: கப்பலில் வாந்தி வருமா? குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும்?

கிரேக்க மகாகாவியமான ஒடிஸியில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வீடு திரும்பப் பத்து வருஷம் கடலில் அலைந்த ஒடிஸியஸுக்கு, இறந்துபோன குருட்டு ஞானி ஒருவரின் ஆவி எதிர்காலம் சொல்கிறது. வீட்டுக்குப் போன பிறகும் உனக்கு ஒரு பிரயாணம் பாக்கியிருக்கிறது. ஒரு துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு உள்நாட்டை நோக்கி நட. கடலையே அறியாத ஜனங்கள் வாழும் நாட்டில் யாராவது எதிர்ப்பட்டு, அது நெல் தூற்றும் பலகையா என்று கேட்பார்கள். அந்த இடத்தில் துடுப்பை நட்டுக் கடல் தெய்வத்துக்குப் பலி கொடு என்கிறது. இந்தக் கதையைக் கப்பல்காரருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சரியாத்தான் சொல்லியிருக்கான் சார். ஆனா துடுப்பை நட்டுட்டு அந்த ஆள் மறுநாள் காலையில என்ன செஞ்சான்னு எழுதலியே?” என்று கேட்டார். நான் மணிக்கூண்டின் அடியில் கேட்ட அதே கேள்வி!

அவருடைய தினசரி நடைமுறையைச் சொல்கிறேன். காலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். கடிகாரம் வேண்டாம். எழுந்தவுடன் படுக்கையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார். முகம் கழுவி, சவரம் செய்துகொண்டு, சட்டை மாட்டி, நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசல் திண்ணைக்கு வந்து உட்காருவார். எட்டு மணி வரை அங்கேதான் இருப்பார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

கப்பலில் இதற்குப் பதில் இருந்தது. அங்கே நாள் என்பது காவல்களாகத் துண்டு போடப்பட்டது. நாலு மணி நேரம் ஒரு காவல். நள்ளிரவிலிருந்து நாலு, நாலிலிருந்து எட்டு, எட்டிலிருந்து நண்பகல், இப்படி. கடற்படையில் மாலை நாலிலிருந்து எட்டு வரையுள்ள காவலை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்துவிடுவார்கள். ஒரே ஆளுக்குத் தினமும் ஒரே நேரம் வந்து மாட்டிக்கொள்ளாமல் முறை மாறிக்கொண்டே போவதற்காக. நம்மிலும் இரவைச் சாமங்களாகப் பிரித்தவர்கள் உண்டு. ஏழரை நாழிகை ஒரு சாமம். இன்றையக் கணக்கில் மூன்று மணி நேரம். நாலாம் சாமம் என்றால் வயலுக்கு நீர் பாய்ச்சப் போகிறவனுக்கும் திருடனுக்கும் நன்றாகத் தெரியும். கப்பலின் சாமம் ஒரு மணி நேரம் நீளம், அவ்வளவுதான்.

நேரத்தைத் துண்டு போட்டது பெரிய விஷயமில்லை. துண்டும் துண்டும் சேருகிற இடம்தான் விஷயம். காவலுக்கு வருகிறவன் சற்று முன்னாலேயே இறங்கிவிட வேண்டும். அழுத்தமானி என்ன காட்டுகிறது, தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது, எந்தப் பம்பு முனகுகிறது என்று பார்த்துக் கேட்டுக்கொண்டு, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்ல வேண்டும். அவன் அந்த வார்த்தையைச் சொல்லும் வரைக்கும் முன்னவன் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி. வந்தவன் சொன்ன பிறகு அதே நிமிஷத்தில் போய்ப் படுத்து மரக்கட்டை மாதிரி தூங்கலாம். எவனோ ஒருவன் விழித்திருக்கிறான் என்பது தெரியும்.

எங்கள் வேலூரில் இந்த வித்தையை அறிந்த இன்னொரு கூட்டம் உண்டு, ஆஸ்பத்திரி நர்ஸுகள். ஒரு கட்டிலைக் கை மாற்றாமல் ஒருத்தி வீட்டுக்குப் போவதில்லை.

கடற்படையின் பேச்சு வழக்கில் ஒரு விசேஷம். கரையில் இருக்கும் அவர்களுடைய கட்டிடங்களுக்கும் கப்பல் என்றே பெயர். நம் கப்பல்காரர் எஞ்சின் வேலை பழகிய ‘ஐ.என்.எஸ். சிவாஜி’ லோனாவாலாவில், மேற்குத் தொடர்ச்சி மலைமேல் இருக்கிறது. எங்கள் பக்கத்திலேயே அரக்கோணத்தில் 1992 முதல் ‘ஐ.என்.எஸ். ராஜாளி’ என்ற விமான தளம் இருக்கிறது; வயல்களுக்கு நடுவில் நங்கூரமிட்ட கப்பல்! அங்கெல்லாம் வாசலைத் தாண்டி டீ குடிக்கப் போனால்கூடக் கரைக்குப் போவதாகத்தான் சொல்வார்களாம். முதலில் இதைக் கேட்டபோது எனக்குக் குழந்தை விளையாட்டாகத் தோன்றியது. இப்போது அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் மட்டும் கப்பல் ஆகிவிடுமா? ஒருவன் விழிப்பை இன்னொருவன் கையில் கொடுக்கிற ஏற்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே கப்பல் இருக்கிறது. அந்த ஏற்பாடு இல்லாத இடம் கரை. அப்படியானால் ஆம்பூர்த் திண்ணை சுத்தமான கரை. நாலு மணிக்கு அவர் யாரிடமிருந்தும் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. எட்டு மணிக்கு யாரிடமும் ஒப்படைப்பதும் இல்லை.

வந்த புதிதில் அவர் வீட்டையே கப்பலாக்கப் பார்த்தார். பிள்ளைகளுக்கு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். சமையல்கட்டில் டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் ஒரு வாரம் பொறுத்திருந்து, பிறகு டப்பாக்களைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். இருபது வருஷம் அந்த வீட்டை ஓட்டியவர் அந்த அம்மாள். பிரசவம், காதுகுத்து, மாமனார் சாவு, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் தனியாகப் பார்த்தவர். அவருக்கும் ஒரு காவல் முறை இருந்தது. அதை யாரும் அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை.

ஆம்பூரில் தண்ணீரின் கதை உலகறிந்தது. டேனரிக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டு, வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், கெடுத்தவன்தான் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்டது. பெண்களோ குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு இரவில் விழித்திருந்தார்கள். அந்த அம்மாள் ஒருநாள் என் எதிரிலேயே கணவரிடம் சொன்னார்: “நீங்க மணி பாத்து எழுந்திருக்கறீங்க. நான் குழாயில காத்து வர்ற சத்தம் கேட்டு எழுந்திருக்கறேன். ரெண்டும் ஒண்ணு இல்லீங்க.”

இந்த வார்த்தையை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். காலம் தவறாமைக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறவர் ஜெர்மன் தத்துவ ஞானி காண்ட். அவர் மாலை உலாவப் புறப்படுவதைப் பார்த்து ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்ற கதை நம் பள்ளிக்கூடப் பாடங்கள் வரைக்கும் வந்துவிட்டது. கடமையைக் கடமைக்காகவே செய்ய வேண்டும், பயனுக்காகவோ பாசத்துக்காகவோ செய்தால் அதற்கு ஒழுக்க மதிப்பு இல்லை என்று சொன்ன மகான் அவர். ஆனால் அந்த மகானைத் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுப்பியவர் ஒருவர் இருந்தார். லாம்பே என்ற வேலைக்காரர். இவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பிரஷ்யப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்! ‘நேரமாகிவிட்டது’ என்று சொல்லி எழுப்புவார். எஜமான் எவ்வளவு கெஞ்சினாலும் இன்னும் கொஞ்சம் தூங்க விடக்கூடாது என்பது எஜமானே போட்ட உத்தரவு. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் இப்படி நடந்தது. 1802இல் ஏதோ மனஸ்தாபத்தில் லாம்பேயை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். லாம்பே என்ற பெயரை இனி அடியோடு மறந்துவிட வேண்டும் என்று காண்ட் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தாராம். மறக்க வேண்டும் என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு ஒருவர் நினைவில் இருந்தார் என்றால் என்ன பொருள்? தத்துவ உலகம் காண்டின் கடிகாரத்தைப் பாடியது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த சிப்பாய், வேலை போன மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து யாரை எழுப்பினார் என்று ஒருவரும் எழுதவில்லை.

கடமைக்காகவே கடமை என்பது கேட்க உயர்வாக இருக்கிறது. கப்பல்காரரின் திண்ணையைப் பார்த்த பிறகு அதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அவருடைய விழிப்பில் ஒரு குறையும் இல்லை. கப்பலில் இருந்ததைவிட ஒரு நிமிஷம்கூடப் பிசகாத விழிப்பு. ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடுகிறவர் யாரும் இல்லை. அவர் இழந்தது கட்டளையை என்று ஊரார் நினைக்கிறார்கள். ‘பாவம், உத்தரவு போட ஆளில்லாமல் தவிக்கிறார்’ என்கிறார்கள். உத்தரவு போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. மேலதிகாரிகளைப் பற்றி அவர் சொல்லும் கதைகளில் பாதியைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

இடையில் ஒரு ஷூ கம்பெனியில் இரவுக் காவலுக்குப் போனார். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வாசல் காவலுக்குப் பட்டாளத்தில் இருந்தவர்கள் என்றால் தனி மதிப்பு. எட்டு மாசம் இருந்தார். காலை ஆறு மணிக்கு மாற்றாள் வர வேண்டும். அவன் ஆறரைக்கும் வருவான், ஏழுக்கும் வருவான். வந்தாலும் நேரே டீக்கடைக்குப் போவான். மற்றவர்கள் ஆறு அடித்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவரால் அது முடியவில்லை. ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று ஒருவன் சொல்லாமல் எப்படிப் போவது? ஒருநாள் ஒன்பது மணி வரைக்கும் வாசலில் நின்றிருக்கிறார். சூப்பர்வைசர் பார்த்துச் சிரித்திருக்கிறார்: “உள்ளே காமிரா இருக்குங்க பெரியவரே. நீங்க போகலாம்.” அதன்பின் அவர் வேலைக்குப் போகவில்லை. என்னிடம், “உள்ளே தோலும் பசையும்தான் சார் இருக்கு. யாரும் தூங்கல,” என்று மட்டும் சொன்னார்.

அந்த வருஷமோ அடுத்த வருஷமோ, நோன்பு மாசம் வந்தது. அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மாள், எழுபது தாண்டியவர். மகன் தோல் வியாபாரத்துக்கென்று பாதி நாள் வெளியூரில் இருப்பவர். விடியற்காலம் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க வேண்டும். முன்காலத்தில் தெருத்தெருவாகக் கொட்டு அடித்துப் பாடிக்கொண்டு வந்து எழுப்புவார்கள், எனக்கே நினைவிருக்கிறது. அந்த வழக்கம் குறைந்துவிட்டது. ஒருநாள் அந்த அம்மாள் தூங்கிப் போய்விட்டார். சாப்பிடாமலே நோன்பு பிடிக்க வேண்டியதாயிற்று. அன்று மாலை திண்ணைக்கு வந்து, “தம்பி, நீங்கதான் மூன்றரைக்கே முழிச்சு உக்காந்திருக்கீங்களே, நம்ம கதவை ரெண்டு தட்டுத் தட்டுங்களேன்,” என்றார்.

மறுநாளிலிருந்து தட்டினார். உள்ளேயிருந்து “எழுந்துட்டேன் தம்பி” என்று குரல் வந்தால்தான் நகர்வார். நாலு நாளில் எதிர்வீட்டாரும் சொல்லிவைத்தார்கள். பத்து நாளில் ஏழு வீடு. பேரன் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தானாம். அந்த அம்மாள் சொன்னது தெருவுக்கே வேடிக்கையாகிவிட்டது: “அலாரத்தை அமுக்கிட்டுத் தூங்கலாம்டா. கப்பல்காரரை எங்கே அமுக்குறது?”

அந்த மாசத்தில் நான் ஆம்பூருக்குப் போயிருந்தபோது அவரிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. இரவு ஒன்பதுக்கே படுத்து நன்றாகத் தூங்குவதாக அவர் மனைவி சொன்னார். கரைக்கு வந்த பிறகு அப்படித் தூங்கியதே இல்லையாம். விழிப்புக்கு ஒரு பிடி கிடைத்ததும் தூக்கத்துக்கும் கிடைத்துவிட்டது. பெருநாள் கழிந்தது. மறுநாளும் மூன்றரைக்கு விழிப்பு வந்தது. தட்டுவதற்குக் கதவு இல்லை. அடுத்த நோன்பு பதினோரு மாசம் கழித்துத்தான்.

இதை நான் ஒரு கூட்டத்தில் பேசியபோது நண்பர் ஒருவர் எழுந்து, “பிறர் நம்பித் தூங்குவதனால்தான் விழிப்புக்கு மதிப்பு என்றால், 1806ஐ என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார். வேலூரில் இருந்துகொண்டு காவலைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சிப்பாய்களின் நெற்றிக்குறியை அழிக்கச் சொன்னார்கள், தாடியை எடுக்கச் சொன்னார்கள், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை மாட்டச் சொன்னார்கள். மறுநாள் விடியற்காலை அணிவகுப்பு என்பதால் அன்றிரவு சிப்பாய்கள் கோட்டைக்குள்ளேயே படுத்தார்கள். ஜூலை 10ஆம் தேதி, விடிவதற்கு முன்னால் எழுந்தார்கள். பாரக்ஸில் தூங்கிக்கொண்டிருந்த 69ஆம் ரெஜிமெண்ட் வெள்ளைக்காரர்களைச் சுட்டார்கள். 100 பேருக்கு மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, அன்று காலையிலேயே அதைவிட அதிகமான சிப்பாய்களைக் கொன்று குவித்தார். நாம் அந்தச் சிப்பாய்களை வீரர்கள் என்று கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாரக்ஸில் தூங்கியவர்கள் காவலை நம்பித்தானே தூங்கினார்கள்?

நான் பதில் சொல்ல முயன்றது இது. நம்பித் தூங்குகிறவனுக்கும் ஒரு கடமை உண்டு. விழித்திருப்பவனை அவன் மனிதனாக அறிந்திருக்க வேண்டும். எவன் தலையில் தோலைக் கட்டி அவமானப்படுத்தினோமோ அவனுடைய விழிப்பின்மேல் தலைவைத்துப் படுத்தது நம்பிக்கை ஆகாது. சுவரை நம்பிச் சாய்வது போன்றது அது. அதற்காகத் தூங்குகிறவனைச் சுட்டது நியாயம் என்று எழுத என் பேனா தயங்குகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தி முடிக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் என்னைவிட வேகமாகத் தூங்கிவிடுகிறார்கள் போலும்.

மாலுமிகள் வேறொரு வழியில் தொடங்கினார்கள். 1946 பிப்ரவரி 18ஆம் தேதி பம்பாயில் ‘தல்வார்’ கப்பலில் (இதுவும் கரையில் இருந்த கப்பல்தான், தந்திப் பயிற்சிக்கூடம்) கெட்டுப்போன சாப்பாட்டையும் அதிகாரியின் வசவையும் தாங்காமல், சாப்பிட மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பரவி, துப்பாக்கிச் சூடும் பலிகளும் ஆகி, தலைவர்கள் சொன்னதன் பேரில் 23ஆம் தேதி அடங்கிற்று. பல நூறு பேரை வேலையைவிட்டு நீக்கினார்கள். மறு வருஷம் சுதந்தரம் வந்தது. இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் சேர்க்கவில்லை. பென்ஷன் வயதுகூட இல்லை அவர்களுக்கு, இருபதும் இருபத்திரண்டும். எந்தெந்தக் கிராமத்துத் திண்ணைகளில் அவர்கள் நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார்களோ! நாட்டுக்காக விழித்தவர்களிடமிருந்து, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்ல அந்த நாடு வரவில்லை. கப்பல்காரர் தம் கடற்படையைப் பற்றி ஒரு குறை சொல்லவிட மாட்டார். ஆனால் இந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

இப்போது இளவட்டங்களின் முறை. 2022இல் கொண்டுவந்த அக்னிபாத் திட்டத்தின்படி சேர்கிறவர்களுக்கு நான்கு வருஷம்தான் சேவை. அதற்குமேல் நூற்றுக்கு 25 பேர் வரை தொடரலாம்; மற்றவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்; பென்ஷன் கிடையாது. முதலில் சேர்ந்தவர்களுக்கு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் தவணை முடிகிறது. சர்க்காருக்கு அதனால் லாபமா, படைக்கு இளமையா என்பதையெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் வாதிக்கட்டும். கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் இருபத்திரண்டு வயதில் ஒரு பையன் விடியற்காலம் எழுந்து உட்கார்ந்திருப்பான் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. வேலை கிடைக்கும், கிடைக்காது என்பது வேறு. அவன் எழுந்திருப்பதற்கு யாராவது காரணமாக இருக்க வேண்டும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறார்களோ தெரியவில்லை.

கப்பல்காரரின் அக்காள் மகன் ஒருவன் அப்படித்தான் போயிருக்கிறான். சில்காவில் பயிற்சி முடிந்து கப்பலில் போட்டுவிட்டார்கள். கப்பல் துறைமுகத்துக்கு வரும்போது போன் செய்வான். நான் அங்கே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குரல் கேட்டது. அத்தை சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டாள், சம்பளம் வந்ததா என்று கேட்டாள். கடைசியில் போனைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“உன்னை மாத்த வர்றவன் நேரத்துக்கு வர்றானாடா?” என்று கேட்டார்.

“வர்றான் மாமா. கால் மணி முன்னாலயே வந்துடறான்.”

“சரி,” என்று போனை வைத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடினார்.